நிலநடுக்கோட்டின் பெயர் கொண்ட நாடு

உலகப்படத்தில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பார்த்தால், கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் இடையில் ஒரு சிறிய நாடு தெரியும். அதன் பெயர் ஈக்வடார். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நிலநடுக்கோடு என்பதே பொருள். தலைநகரான கீட்டோவுக்குச் சற்று வடக்கே அந்தக் கோடு நாட்டைக் கடந்து செல்கிறது. பரப்பளவில் ஈக்வடார் மலேசியாவைவிடச் சிறியது. ஆயினும், அங்கு 1,600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்படுகின்றன. ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் கூடு கட்டி வாழும் பறவை இனங்களின் எண்ணிக்கை இதில் பாதிகூட இல்லை.

இத்தனை உயிர்கள் இவ்வளவு சிறிய நிலத்தில் எப்படி இடம் பிடித்தன? வெயிலும் மழையும் மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதி என்பது பாதி விடைதான். மீதி விடை அந்த நாட்டின் உயரத்தில் இருக்கிறது. ஆண்டிஸ் மலைத்தொடர் ஈக்வடாரின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. அதன் மேற்கே பசிபிக் கடற்கரை. கிழக்கே அமேசான் மழைக்காடு. கடற்கரையில் காலை உணவை முடித்துக்கொண்டு பேருந்தில் ஏறுபவர் அன்று மாலைக்குள் பனிமூடிய எரிமலையின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் கீட்டோவில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே வாழும் மக்கள் மாலை நேரத்தில் கம்பளிச் சட்டை அணிகிறார்கள்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகிறது. அதனால், மலைச்சரிவின் ஒவ்வோர் உயரத்திலும் தட்பவெப்பம் மாறுகிறது. அதற்கேற்பச் செடிகளும் விலங்குகளும் மாறுகின்றன. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தளத்துக்குத் தளம் வெவ்வேறு குடும்பங்கள் குடியிருப்பதைப் போன்றதே இது.

இந்த உண்மையை உலகத்துக்குப் படமாக வரைந்து காட்டியவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர். 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் தம் நண்பர்கள் போன்பிளான், மோன்டூஃபார் ஆகியோருடன் சிம்போராசோ எரிமலையில் ஏறினார். 6,263 மீட்டர் உயரமுள்ள அம்மலை, உலகிலேயே மிக உயரமானது என்று அக்காலத்தில் கருதப்பட்டது. காற்று குறையக் குறைய அவர்களுக்கு மூச்சுத் திணறியது; ஈறுகளில் இரத்தம் கசிந்தது. ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரத்தில் ஒரு பெரும்பிளவு குறுக்கிட்டதால் அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. உச்சியைத் தொடாமல் இறங்கிய ஹம்போல்ட், அதைவிடப் பெரிய ஒன்றைக் கொண்டுவந்தார். 1807இல் அவர் வெளியிட்ட படத்தில், சிம்போராசோ மலை குறுக்கே வெட்டப்பட்டது போலக் காட்டப்பட்டிருந்தது. எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று அந்த வெட்டுமுகத்தில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தின் செடிகொடிகளை அதன் உயரத்தோடும் வெப்பத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது.

இமயத்தின் உயரம் தெரிந்தபின் சிம்போராசோ தன் முதலிடத்தை இழந்தது. ஆனால், வேறொரு பெருமை அதற்கு இன்றும் உண்டு. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் இருப்பது எவரெஸ்ட் அன்று, சிம்போராசோவின் உச்சியே. எவரெஸ்டைவிட அது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் முந்தி நிற்கிறது.

ஹம்போல்ட்டின் படம் வெறும் பழம்பொருளாக நின்றுவிடவில்லை. 2012இல் ஆய்வாளர்கள் மீண்டும் சிம்போராசோவுக்குச் சென்று செடிகளின் உயரங்களை அளந்தனர். ஹம்போல்ட் குறித்ததைவிட மேலே செடிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலே நகர்ந்திருக்கின்றன என்பதில் இல்லை. உலகம் சூடாகும்போது, குளிர்ச்சியை நாடும் உயிர்கள் மேல்தளத்துக்குக் குடிபெயர்கின்றன. ஆனால், மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே குடியேற இடமில்லை.

உறைபனிக்குச் சற்றுக் கீழே, காட்டு எல்லைக்கு மேலே விரிந்திருக்கும் புல்வெளியைப் 'பாராமோ' என்பர். அங்கே பகலில் கடுமையான வெயில். இரவில் உறையவைக்கும் குளிர். வடக்கே எல் ஆங்கல் பகுதியில் வளரும் ஃபிரைலெஹோன் என்ற செடி ஆள் உயரத்துக்கும் மேல் வளர்கிறது. அதன் இலைகளில் கம்பளி போன்ற மெல்லிய மயிர் போர்த்தியிருக்கும். காய்ந்த இலைகளை அது உதிர்ப்பதில்லை. தண்டைச் சுற்றி அவற்றை மேலாடைபோல் வைத்துக்கொள்கிறது. அங்கு வாழும் ஒரு வகை ரீங்காரச் சிட்டு, குளிர் மிகுந்த இரவுகளில் தன் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். விடிந்ததும் உடலைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் பறக்கத் தொடங்கும். சில கிராம் எடையே உள்ள ஒரு பறவை, இரவு முழுவதும் உடலைச் சூடாக வைத்திருக்கத் தேவையான உணவைப் பகலில் சேர்க்க முடியாது. ஆகவே, அது செலவைக் குறைக்கிறது.

பாராமோவின் மண் பஞ்சு போன்றது. குளிரில் இலைதழைகள் மெதுவாகவே மக்குவதால் அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து, மழைநீரையும் மூடுபனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பிறகு அந்த நீர் சிறிது சிறிதாக ஓடைகளில் கசிகிறது. இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கீட்டோ நகரின் குடிநீரில் பெரும்பகுதி இந்த உயர்நிலங்களிலிருந்தே வருகிறது. மாடுகளை மேய்த்தும் தீ வைத்தும் புல்வெளியை அழித்தால் குழாயில் தண்ணீர் வராது என்பதை நகரம் உணர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு நிதி தொடங்கப்பட்டது. தண்ணீர் விற்று வரும் வருமானத்தில் ஒரு சிறு பகுதி மலையைப் பாதுகாக்கும் அந்த நிதிக்குச் செல்கிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு இது. தண்ணீர் குடிப்பவரே தண்ணீரின் பிறப்பிடத்துக்கும் பணம் செலுத்துகிறார்.

இந்தப் புல்வெளிக்கு மேலே, 3 மீட்டருக்கும் அதிகமான சிறகு விரிப்புடன் வட்டமிடும் காண்டோர்தான் ஈக்வடாரின் தேசியப் பறவை. 2018இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் ஏறத்தாழ 150 காண்டோர்களே இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முட்டை இடும் பறவை அது. ஒன்று இறந்தால் அதன் இடத்தை நிரப்ப நீண்ட காலம் ஆகும்.

மலையிலிருந்து இறங்கினால் முகில்காடு தொடங்குகிறது. கடற்காற்று சுமந்துவரும் ஈரம் சரிவில் மோதி, நாள்தோறும் மேகமாகக் காட்டுக்குள் தங்குகிறது. மரங்களின் கிளைகள் பாசியாலும் ஆர்க்கிட் மலர்களாலும் மூடப்பட்டிருக்கும். ஈக்வடாரில் காணப்படும் ஏறத்தாழ 130 வகை ரீங்காரச் சிட்டுகளில் பல இங்கே வாழ்கின்றன. அவற்றுள் வாள்அலகுச் சிட்டு விந்தையானது. அதன் அலகு உடலைவிட நீளமானது. நீண்ட குழல் வடிவப் பூக்களின் அடியில் இருக்கும் தேனை அதனால் மட்டுமே எட்ட முடியும். அந்தப் பூக்களும் மகரந்தச் சேர்க்கைக்கு அதையே நம்பியிருக்கின்றன. இந்தச் சலுகைக்கு அது கொடுக்கும் விலையும் உண்டு. மற்றப் பறவைகள் அலகால் இறகு கோதும். இது காலால் சொறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முகில்காடு தன் இரகசியங்களை எளிதில் வெளியிடுவதில்லை. 2013ஆம் ஆண்டில், ஒலிங்கிட்டோ என்ற புதிய பாலூட்டி இனம் அறிவிக்கப்பட்டது. மரத்தில் வாழும், இரவில் நடமாடும், ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடையுள்ள விலங்கு அது. புலி, நாய், கரடி ஆகியவை அடங்கும் ஊனுண்ணி வரிசையில் அமெரிக்கக் கண்டங்களில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் புதிய இனம் அதுவே. வியப்பு என்னவென்றால், அதன் தோலும் மண்டையோடும் பல ஆண்டுகளாக அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் வேறொரு பெயரோடு கிடந்தன. 1960களிலும் 1970களிலும் ஓர் உயிருள்ள ஒலிங்கிட்டோ அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் வைக்கப்பட்டிருந்தது. அதன் உறவு விலங்கான ஒலிங்கோவுடன் அதைச் சேர்த்துவைக்க முயன்றார்கள், அது இணங்கவில்லை. வேறோர் இனத்தைச் சேர்ந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

குறுகிய உயர எல்லைக்குள் மட்டும் வாழும் உயிருக்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரு சரிவை வெட்டி அழித்தால், அந்தச் சரிவில் மட்டும் இருந்த ஓர் இனம் அதோடு முடிந்துபோகலாம். மேற்கு ஈக்வடாரின் பல முகில்காடுகள் மேய்ச்சல் நிலமாக மாறிவிட்டன. ஆனாலும், மின்டோ என்ற ஊரின் அருகே வேறொரு மாற்றமும் நடந்தது. மரம் வெட்டிப் பிழைத்த விவசாயி ஒருவர், தரையில் ஒளிந்து வாழும் ஓர் அரிய பறவைக்கு நாள்தோறும் மண்புழு கொடுத்துப் பழக்கினார். அழைத்தால் அது காட்டிலிருந்து நடந்துவரத் தொடங்கியது. அதைக் காண வெளிநாட்டவர் வந்தனர். வெட்டிய மரத்தைவிட நிற்கும் மரமே கூடுதல் வருமானம் தந்தது. அந்த வட்டாரத்தில் பலர் அவர் வழியைப் பின்பற்றினர்.

எல்லா இடத்திலும் பறவை பார்க்க வருவோரை நம்பியிருக்க முடியாது. ஈக்வடார் மக்கள் சட்டத்தையும் துணைக்கு அழைத்தனர். 2008இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசமைப்புச் சட்டம், இயற்கைக்கும் உரிமைகள் உண்டு என்று அறிவித்தது. உலகில் வேறெந்த நாடும் அதற்குமுன் தன் அரசமைப்பில் அப்படி எழுதவில்லை. அழகான சொற்கள் எழுதுவது எளிது. அவை நீதிமன்றத்தில் நிற்குமா என்பதே கேள்வி. 2021இல் அதற்கு ஒரு விடை கிடைத்தது. லோஸ் செட்ரோஸ் என்ற முகில்காட்டில் சுரங்கம் தோண்ட அனுமதி அளித்தது இயற்கையின் உரிமையை மீறுவதாகும் என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணாடி அணிந்ததுபோல் கண்ணைச் சுற்றி வெளிர்நிற வளையமுள்ள ஆண்டிஸ் கரடியும் அரிய குரங்குகளும் வாழும் காடு அது.

கடற்கரைச் சமவெளியைப் பற்றிச் சொல்ல மகிழ்ச்சியான செய்தி குறைவு. உலகில் வாழைப்பழத்தை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு ஈக்வடார். வாழைத்தோட்டங்களுக்காகத் தாழ்நிலக் காடுகளும், இறால் பண்ணைகளுக்காகச் சதுப்புநிலக் காடுகளும் பெருமளவில் அழிந்தன.

அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலின் நடுவே கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. அவை எரிமலைக் குழம்பால் உருவானவை. எந்தக் காலத்திலும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. பறந்தோ, நீந்தியோ, மிதந்தோ வந்து சேர்ந்த உயிர்களே அங்குப் பெருகின. தவளை வந்து சேரவில்லை; பல்லி வகைகள் வந்தன. அவற்றில் ஒன்று உணவு தேடிக் கடலில் குதித்தது. இன்று உலகில் கடலில் மூழ்கிப் பாசி தின்னும் ஒரே பேரோணான் இனம் அதுதான். உடலில் மிகும் உப்பை அது மூக்கின் வழியே தும்மி வெளியேற்றுகிறது. தெற்கிலிருந்தும் கடலடியிலிருந்தும் குளிர்ந்த நீரோட்டங்கள் வருவதால், நிலநடுக்கோட்டின்மேலேயே பென்குவின்களும் வாழ்கின்றன.

1835இல் சார்ல்ஸ் டார்வின் இத்தீவுகளில் ஐந்து வாரங்கள் தங்கினார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்ல முடியும் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் அவரிடம் கூறினார். ஈரமான மலைகளையுடைய தீவுகளின் ஆமைகளுக்கு ஓடு கிண்ணம் கவிழ்த்ததுபோல் இருக்கும். வறண்ட தீவுகளில் உயரமான கள்ளிச்செடியை எட்டிக் கடிக்க வேண்டியிருப்பதால், கழுத்தை உயர்த்த வசதியாக ஓட்டின் முன்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். தீவுக்குத் தீவு உயிர்கள் ஏன் மாறுபடுகின்றன என்ற கேள்வி, பின்னாளில் டார்வினின் பரிணாமக் கொள்கைக்கு வலுச் சேர்த்தது.

மாலுமிகளுக்கோ அந்த ஆமைகள் உயிருள்ள இறைச்சிக் கிடங்கு. பல மாதங்கள் தீனியும் நீரும் இன்றி உயிர்வாழும் என்பதால், கப்பலின் அடித்தளத்தில் அவற்றைக் கவிழ்த்து அடுக்கினர். இவ்வாறு 100,000க்கும் மேற்பட்ட ஆமைகள் கொண்டுசெல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. மாலுமிகளும் குடியேறியவர்களும் விட்டுச்சென்ற ஆடுகள், மிச்சமிருந்த ஆமைகளின் உணவையும் தின்று தீர்த்தன. பின்டா தீவில் 1971இல் ஒரே ஓர் ஆண் ஆமை கண்டெடுக்கப்பட்டது. 'தனிமை ஜார்ஜ்' என்று பெயர் பெற்ற அதற்குத் துணை தேடி உலகெங்கும் அலைந்தும் பயனில்லை. 2012ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் அது இறந்தது. அதோடு அந்த இனமும் மறைந்தது.

எஸ்பான்யோலா தீவின் ஆமைகளுக்கும் அதே நிலை வந்திருக்கும். 1960களிலும் 1970களிலும் தேடிப் பார்த்தபோது 12 பெண் ஆமைகளும் 2 ஆண் ஆமைகளுமே மிஞ்சியிருந்தன. சந்தித்து இனம் பெருக்க முடியாத அளவுக்கு அவை சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் சாந்தா குரூஸ் தீவின் இனப்பெருக்க நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் சான் டியகோ விலங்குக் காட்சிச்சாலையில் பல்லாண்டுகள் இருந்த டியகோ என்ற ஆண் ஆமையும் அவற்றோடு சேர்ந்தது. எஸ்பான்யோலாவில் இருந்த ஆடுகள் அகற்றப்பட்டன. நிலையத்தில் பொரித்து வளர்ந்த ஏறத்தாழ 2,000 ஆமைகள் ஆண்டுதோறும் சிறுசிறு கூட்டமாகத் தீவில் விடப்பட்டன. 2020 ஜூன் மாதம், பணி முடிந்த அந்த 15 ஆமைகளும் பிறந்த தீவுக்கே திரும்பின. டியகோவுக்கு அப்போது வயது நூறுக்கும் மேல்.

ஈக்வடாரின் கிழக்குப் பகுதியில் பிரச்சினை வேறு. அங்குள்ள யாசுனி தேசியப் பூங்கா ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அமேசான் காடு. அதில் ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது காற்பந்துத் திடலைவிடச் சற்றுப் பெரிய நிலத்தில், 600க்கும் மேற்பட்ட மர இனங்கள் எண்ணப்பட்டுள்ளன. பிரிட்டன் முழுவதற்கும் உரிய இயல்பான மர இனங்கள் சில பத்துகளே. ஆண்டு முழுவதும் மழை பெய்வதும் வறட்சிக் காலம் இல்லாததும் இதற்குக் காரணங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு மரத்தின் விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுந்தால், அந்த மரத்தையே நாடிவரும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அவற்றை அழித்துவிடுகின்றன. தொலைவில் விழுந்த விதையே பிழைக்கிறது. ஆகவே, எந்த ஓர் இனமும் இடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை.

சிறுத்தையைப் போன்ற ஜாகுவாரும், உள்ளங்கையில் அடங்கும் குட்டை மார்மோசெட் குரங்கும், ஆற்றில் நீந்தும் இளஞ்சிவப்பு டால்பினும் இங்கு வாழ்கின்றன. நாபோ ஆற்றின் கரையில் காலை நேரத்தில் கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து களிமண்ணைத் தின்னும். கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள இக்காட்டில் உப்புச்சத்து அரிது. அது அந்த மண்ணில் கிடைக்கிறது. வாவோரானி மக்களின் தாயகமும் இதுவே. அவர்களுக்கு உறவான தகாயேரி, தாரோமெனானே என்னும் குழுவினர் வெளியுலகத் தொடர்பை மறுத்து, இன்றும் காட்டின் உட்பகுதியில் தனித்து வாழ்கின்றனர்.

இந்தக் காட்டின் அடியில் எண்ணெய் இருக்கிறது. 1972இலிருந்து எண்ணெய் ஏற்றுமதி ஈக்வடாரின் முக்கிய வருமானங்களில் ஒன்று. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டும் பணத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், எண்ணெய்க் கிணற்றுக்குச் சாலை வேண்டும்; சாலை வந்தால் அதன் வழியே மரம் வெட்டுவோரும் வேட்டையாடுவோரும் வருவார்கள்.

2007இல் அதிபர் ரஃபாயல் கொரேயா உலக நாடுகளிடம் ஒரு புதுமையான கோரிக்கையை வைத்தார். யாசுனியின் ஒரு பகுதியில் உள்ள ஏறத்தாழ 850 மில்லியன் பீப்பாய் எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடுவோம். இழக்கும் வருமானத்தில் பாதியை, அதாவது 3.6 பில்லியன் அமெரிக்க வெள்ளியை, உலகம் தரட்டும் என்றார். பலர் கைதட்டினர், பணம் தந்தோர் சிலரே. 2013இல் திட்டம் கைவிடப்பட்டபோது, உண்மையில் வந்து சேர்ந்திருந்தது 13 மில்லியன் வெள்ளி அளவுதான். 2016இல் எண்ணெய் எடுக்கும் பணி தொடங்கியது.

இளையோர் பலர் அதை ஏற்கவில்லை. பொது வாக்கெடுப்புக் கேட்டு அவர்கள் வீதிவீதியாகக் கையொப்பம் திரட்டினர். தேர்தல் அதிகாரிகள் அவற்றில் பலவற்றைத் தள்ளுபடி செய்தனர். வழக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இழுத்தது. இறுதியில் அரசமைப்பு நீதிமன்றம் அனுமதி அளிக்க, 2023 ஆகஸ்டு 20ஆம் நாள் நாடு வாக்களித்தது. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் எண்ணெய் நிலத்தடியிலேயே இருக்கட்டும் என்றனர்.

எண்ணெய் வயல் அமைந்துள்ள ஒரேயானா மாநிலத்தில் முடிவு வேறாக இருந்தது. அங்குப் பெரும்பாலோர் எண்ணெய் எடுப்பது தொடர வேண்டும் என்றே வாக்களித்தனர். அவர்களில் பலருக்கு வேலை தருவது அந்த வயல்தான். காட்டைக் காக்க விரும்பிய நகரவாசிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

பணியை ஓராண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கெடு விதித்திருந்தது. அந்த வயலில் இருநூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. 2024 ஆகஸ்டில், கெடு முடியும் தறுவாயில், முதல் கிணறு மூடப்பட்டது. மற்றவற்றை மூடி முடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்று அரசாங்கம் அறிவித்தது.